குனியாமல் பார்க்க ஒரு கண்

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

கண்ணாடி முன் நின்று வலக்கையைத் தூக்கினால், எதிரே தெரியும் உருவம் இடக்கையைத் தூக்கும். பள்ளியிலேயே நாம் படித்த இந்த இடவல மாற்றம், கோடை விடுமுறையில் வேலை செய்து நான் சேர்த்த காசைக் கரைக்கும் என்று எண்ணியதில்லை!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னைச் சேர்த்துவிட்டவர் ஸ்டுடியோ நடத்திய என் தாய்மாமன். 1977-இல் அறிமுகமான நிக்கான் எப்.எம். வகைக் காமிரா ஒன்று அவரிடம் உண்டு. இடுப்பு வலி வந்தபின், தவழும் குழந்தைகளைத் தரையில் குப்புறப் படுத்துப் படமெடுக்க அவரால் இயலவில்லை. 'ஆங்கிள் பைண்டர்' என்னும் துணைக்கருவியை வியூ பைண்டரில் பொருத்தினால், மணையில் அமர்ந்து காமிராவை மடிமீது வைத்தபடியே மேலிருந்து பார்க்கலாம். ஆசையோடு ஒன்றை வாங்கித் தந்தேன்.

அதனுள் இருந்ததோ ஒரே ஒரு சமதள ஆடி. குழந்தை வலப்பக்கம் தவழ, உருவம் இடப்பக்கம் நகர்ந்தது. மாமா காமிராவை எதிர்த்திசையில் திருப்பினார். இரண்டு படங்களில் வெறும் சுவர்தான் பதிந்தது.

காரணம் என்ன? லென்ஸ் உருவத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் தருகிறது. காமிராவின் உள்ளாடி தலைகீழை நேராக்குகிறது. மேலுள்ள ஐங்கோணப் பட்டகத்தில் கூரைபோல் சாய்ந்த இரு முகங்கள் இடவலத்தைச் சரிசெய்கின்றன. சரியான அந்த உருவத்தை மீண்டும் ஒற்றை ஆடியில் திருப்பினால் பழைய குறை திரும்பிவிடும். ஆகவே துணைக்கருவியிலும் கூரைப் பட்டகம் இருத்தல் வேண்டும்.

வாங்க விரும்பும் நண்பர்கள் நான்கினைக் கவனிக்க:

1. பொருத்தும் வாய். நிக்கான் எப்.எம்., எப்.இ. காமிராக்களுக்கு 19 மி.மீ. மரை, எப்3 எச்.பி.க்கு 22 மி.மீ. ஒலிம்பஸ் ஓ.எம். வகையில் மரை இல்லை. காடியில் செருக வேண்டும். ஒன்றுக்குரியது மற்றதற்குப் பொருந்தாது.

2. எழுத்துச் சோதனை. கடையிலேயே செய்தித்தாளின் தலைப்பைப் பாருங்கள். 'ப' ஏமாற்றும், திருப்பினாலும் 'ப'தான். 'ட'வைப் பாருங்கள், உண்மை வெளிப்படும்.

3. உருப்பெருக்கம். ஒலிம்பஸின் வாரிமாக்னி பைண்டரில் 1.2, 2.5 என இரு மடங்குகள் உண்டு. பெரிய மடங்கில் நடுப்பகுதி மட்டுமே தெரியும். ஓரத்து ஒளிமானி மறையும். குவியம் பார்க்க அதுவும், சட்டம் அமைக்கச் சிறியதும் பயன்படும்.

4. கண்ணாடியின் தூய்மை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் நூலாகப் பூஞ்சணம் தெரிந்தால் வேண்டாம். கண்வில்லையின் வளையம் எளிதாகச் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள். முதலில் அதைத் திருப்பிக் காட்சித்திரையின் கோடுகளைத் தெளிவாக்கிய பின்னரே லென்சைக் குவிக்க வேண்டும்.

மீண்டும் காசு சேர்த்து, நிக்கானின் டி.ஆர்-3 வாங்கினேன். மாமா அதன் வழியே நாட்காட்டியைப் படித்தார். எழுத்துகள் நேராக நின்றன. "இந்தப் பாடத்தை வாங்குமுன் புரட்டியிருக்கலாமே, மாப்பிள்ளை!" என்று சிரித்தார். பிறகு மணையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "குழந்தையைக் கூப்பிடு" என்றார்.