வேலியோரத்துப் பிரண்டை: வளர்ப்பும் பயன்பாடும்



இந்த மாதப் பாடம் பிரண்டை. ஒரு குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "எங்க வேலி பூரா அதுதானே மேடம் கெடக்கு, அதுல என்ன பாடம்?" என்று கேட்டார்கள். சரி, உங்களில் எத்தனை பேர் போன மாதத்தில் ஒரு தடவையாவது பிரண்டைத் துவையல் அரைத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். பதினாறு பேரில் மூன்று கை உயர்ந்தது. மூன்றும் வயதானவர்களின் கை.

பிரண்டை நம்ம மண்ணுக்குச் சொந்தமான கொடி. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பற்றுச்சுருளையும், சிவப்பாகப் பழுக்கும் குட்டிப் பழத்தையும் பார்த்தால் அந்த உறவு புரியும். நாலு பட்டை உள்ள சதைப்பற்றான தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மற்ற செடிகள் பகலில் மூச்சு வாங்கும்போது ஈரத்தையும் சேர்த்து இழந்துவிடுகின்றன. பிரண்டைத் தண்டோ வெயில் நேரத்தில் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறக்கிறது. சித்திரை வெயிலில் கருவேல மரமே வாடி நிற்கும்போது அதன் மேல் படர்ந்த பிரண்டை பச்சையாக நிற்பது இதனால்தான்.

வளர்ப்பதற்குக் காசு செலவே இல்லை. முற்றவும் இல்லாமல், ரொம்ப இளசாகவும் இல்லாமல் இருக்கும் தண்டில் மூன்று கணு உள்ள துண்டாக வெட்டுங்கள். வெட்டியதும் நடாதீர்கள். ஒருநாள், இரண்டுநாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய வேண்டும். பச்சைக் காயத்தோடு ஊன்றினால் அழுகிப்போகும். ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி, வளர்ந்த திசை மாறாமல் தலைப்பகுதி மேலே பார்க்க ஊன்றுங்கள். ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டால் ஐப்பசி மழையில் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் மணல் கலந்து மேடு கட்டி நடலாம். இடம் இல்லாதவர்கள் பழைய சிமெண்டுச் சாக்கில் வைத்து வீட்டுச் சுவரில் ஏற்றிவிடலாம். படர ஒரு குச்சியோ கம்பியோ இருந்தால் போதும். ரோட்டோரத்துப் பிரண்டையைவிட நம்ம வீட்டில் வளர்ந்தது மேல். புகையும் தூசியும், பக்கத்து வயலில் அடித்த மருந்தும் அதில் படியாது.

பிரண்டையை நாம் விட்டதற்கு முக்கியக் காரணம் அரிப்பு. அதன் சதையில் ஊசி மாதிரியான நுண்ணிய உப்புப் படிகங்கள் இருக்கின்றன. அவைதான் கையிலும் தொண்டையிலும் குத்துகின்றன. ஆகவே நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு இளந்தண்டை மட்டும் ஒடியுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஓரத்து நாரை உரித்து, கணுவை நீக்கிப் பொடியாக நறுக்குங்கள். ஒரு கப் பிரண்டைக்கு இரண்டு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, ஐந்தாறு வரமிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய். நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்றி, பச்சை நிறம் மாறிப் பழுப்பாகிச் சுருளும்வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் அன்றைக்கு வீட்டில் உள்ளவர்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நம்மைத்தான் திட்டுவார்கள். புளியைக் குறைக்கக் கூடாது. அப்பள மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவதும் நம்ம ஊர்ப் பழைய வழக்கம். குழுவாக அப்பளம் போட நினைப்பவர்கள் முதலில் கால் கிலோ உளுந்து மாவில் போட்டுப் பாருங்கள். விற்பனைக்குப் போகும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கூலியையும் கணக்கு நோட்டில் எழுதித்தான் விலை வைக்க வேண்டும்.

இனி, இந்தப் பாடத்தை நான் எழுத வேண்டிய காரணத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் மூலிகைப் பயிற்சி நடத்தினேன். "பிரண்டை எலும்பை ஒட்ட வைக்கும்" என்று நானே அழுத்திச் சொன்னேன். சமஸ்கிருதப் பெயருக்கே எலும்பைச் சேர்ப்பது என்றுதான் அர்த்தம் என்றும் சேர்த்துச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து, அந்தக் குழுவில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா மழையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிரண்டையை அரைத்துச் சூடாக்கிப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, ஒரு மாதம் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது கை கோணலாக ஒட்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதல் நாளே வந்திருந்தால் நேராக இழுத்து மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருப்பேன் என்றார். அந்தக் கையால் இன்றும் அவரால் குடம் தூக்க முடியாது. களை எடுக்கப் போனாலும் அரை நாளில் திரும்பி வந்துவிடுகிறார்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்று அவர் சண்டையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் இல்லை.

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். முறிந்த எலும்பை உடம்பே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது நேராக ஒட்டுவதற்கு எலும்பைச் சரியான இடத்தில் வைத்து அசையாமல் பிடிக்க வேண்டும். அதை எந்த மூலிகையும் செய்யாது. பிரண்டையைப் பற்றிச் சில ஆராய்ச்சிகள் நல்ல விதமாகச் சொல்கின்றன. அவை பெரும்பாலும் விலங்குகளிடமும், குறைந்த எண்ணிக்கையிலான மனிதர்களிடமும் செய்யப்பட்டவை. விழுந்து வீக்கம் வந்தால், விரல் மரத்தால், கை கால் வளைந்து தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 108-க்குக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழக்கும். சாதாரணமாக விழுந்தாலே மணிக்கட்டு முறிவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை, மாதவிலக்கு நின்ற பின் 1200. பிரண்டையிலும் அந்தச் சத்து உண்டு. ஆனால் அரிக்க வைக்கும் அதே படிகத்துக்குள் ஒரு பகுதி அடைபட்டிருப்பதால் முழுதாக உடம்பில் சேராது. ஆகவே துவையலைத் துவையலாக, வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள். எலும்புக்குக் கேழ்வரகை நம்புங்கள். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் உதவும். வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு மிச்சம் இருந்தால் குடிப்பது என்ற வழக்கத்தை மோர் விஷயத்திலாவது விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களும் கர்ப்பிணிகளும் பிரண்டையைத் தவிர்ப்பது நல்லது. கடையில் விற்கும் பிரண்டை மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் யாரும் வாங்க வேண்டாம்.

அடுத்த ஊராட்சி அளவிலான கூட்டத்துக்குக் குழுவுக்குப் பத்துத் துண்டு கொண்டுவருகிறோம். எல்லாம் அந்த அக்கா வீட்டு வேலியில் வெட்டியவை. ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும்.