கொம்பு ஏன் பின்னால் போனது?

கேள்வி: நவராத்திரி கொலுவுக்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டி, செல்போனிலேயே வாசகத்தைத் தமிழில் டைப் செய்து எங்கள் தெரு டிடிபி கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். ப்ரூஃபைப் பார்த்தால் ‘கொலு’ குலைந்து கிடக்கிறது. ‘க’ முன்னால் நிற்கிறது. கொம்பும் காலும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘லு’வில் ‘ல’ தனி, உகரக் குறி தனி. கடைக்காரர், “தமிழில் 247 எழுத்து மேடம், கம்ப்யூட்டர் தாங்காது. ஃபாண்டை மாத்திப் பார்க்கிறேன்” என்றார். மாற்றியதும் கட்டம் கட்டமாக வந்தது. ஃபோனில் சரியாக இருப்பது கடையில் மட்டும் ஏன் கெடுகிறது?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: பாதி பதிலை உங்கள் கடைசி வரியிலேயே சொல்லிவிட்டீர்கள். ஃபோனும் ஒரு கம்ப்யூட்டர்தானே? உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்று தாங்குவதை மேசை மேல் இருப்பது தாங்காது என்பது பொருந்தவில்லை. பல்லாயிரம் எழுத்து உள்ள சீன மொழியிலும் நாளிதழ்கள் கணினியில்தான் தயாராகின்றன.

முதலில் அந்த 247-ஐப் பார்த்துவிடுவோம். உங்கள் ஃபோன் தமிழை யூனிகோடில், அதாவது ஒருங்குறியில் வைத்திருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொது ஏற்பாடு அது. முதல் பதிப்பு 1991-ல் வந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கியவை 128 இடங்கள். நிரம்பியிருப்பவை 72, அதிலும் பழைய தமிழ் எண்களும் நாள், மாதம், வருடக் குறிகளும் அடக்கம். ‘க’ முதல் ‘ன’ வரை பதினெட்டுக்கும் இடம் உண்டு. கா, கி, கு என்று விரியும் மற்ற 198 உயிர்மெய்க்குத் தனி இடமே கிடையாது. மெய்யெழுத்துக்கும் கிடையாது, ‘க’வோடு புள்ளி சேர்ந்தால் ‘க்’. ஆக, கணினி 247-ஐச் சுமக்கவே இல்லை. இந்த ஏற்பாடு தமிழுக்கு நியாயமானதா என்ற சண்டை பழையது. எழுத்துக்கு ஒன்றாகத் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. நம் செல்போன்களில் புழங்குவது என்னவோ ஒருங்குறிதான்.

இனி உங்கள் ‘கொலு’. உள்ளே அது நான்கு எண்களாக இருக்கிறது: ‘க’, ஒகரக் குறி, ‘ல’, உகரக் குறி. வரிசையைக் கவனியுங்கள். முதலில் மெய்யின் ஒலி, பிறகு உயிரின் ஒலி. வாயில் வரும் வரிசை இது. கண்ணுக்கு வேண்டிய வரிசையோ வேறு: கொம்பு, ‘க’, கால். ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைத் தூக்கி முன்னால் வைத்து, காலைப் பின்னால் நிறுத்தி, ‘ல’வையும் உகரத்தையும் ஒரே வளைவாகச் சேர்ப்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு ஷேப்பிங் எஞ்சின் என்று பெயர். எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுப்பது அதன் வேலை. ஆண்ட்ராய்டு ஃபோனிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் ஹார்ஃப்பஸ் என்ற எஞ்சின் இதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

கடையில் இருக்கும் டிசைன் மென்பொருளில் அந்த எஞ்சின் இல்லாமல் இருக்கலாம், அல்லது இருந்தும் அணைந்து கிடக்கலாம். அப்போது எண்கள் எந்த வரிசையில் உள்ளனவோ அதே வரிசையில் வடிவங்கள் வந்து நிற்கும். கொம்பு ‘க’வின் பின்னால் போனது அப்படித்தான். அனுப்பிய வாசகம் கெடவில்லை. அது இன்னும் கோக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஃபாண்டை மாற்றியதும் கட்டம் வந்தது ஏன்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன்பு ஓர் எழுத்துருவில் இருந்தவை மொத்தம் 256 அறைகள். அவற்றில் ஆங்கிலம் குடியிருந்த அறைகளிலேயே தமிழ் வடிவங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்ப் பொடி போட்டு வைப்பது போல. அந்த வீட்டுச் சமையலறை தெரிந்தவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலம் அப்படியே பல்லிளிக்கும்.

இந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்ட வேண்டும்: கொம்பு முதலில், ‘க’ அடுத்து, கால் கடைசியில். தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்துவிட்டு டிடிபிக்கு வந்தவர்களுக்கு விரல் பழகிய வரிசையும் அதுவே. கோப்பதற்கு எஞ்சின் தேவையில்லை, ஆபரேட்டரே கோத்துவிடுகிறார். அந்த எழுத்துருவை உங்கள் ஒருங்குறி வாசகத்தின் மேல் போட்டால், ஒருங்குறி எண்களுக்குரிய இடத்தில் அதனிடம் ஒன்றுமே இல்லை. அதனால் கட்டம்.

கடைக்காரர் சொன்ன 247-உம் ஒரு காலத்து உண்மைதான். 256 அறைக்குள் அத்தனையையும் அடைப்பது அன்று பெரும்பாடு. ஆளுக்கொரு விதமாக அடைத்ததில் ஒருவர் எழுத்துரு மற்றவருக்கு உதவவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு இதை ஒழுங்குபடுத்தவே டாம், டாப் என்று இரண்டு தரங்களை முன்வைத்தது. டாம் தமிழுக்கு மட்டும். டாப் ஆங்கிலத்துக்கும் பாதி இடம் விட்டது. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கும் வித்து அந்த மாநாடுதான்.

“இத்தனை வருடம் ஆகியும் ஏன் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்று அடுத்து கேட்பீர்கள். சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். ஒருங்குறி வந்த புதிதில் அழகான எழுத்துரு இல்லை. விண்டோஸோடு வந்த லதா, அலுவலகக் கடிதத்துக்குப் போதும். கல்யாணப் பத்திரிகைக்கு அதைப் போட்டால் மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருக்கும். பழைய எழுத்துருத் தொகுப்புகளிலோ தூரிகை இழுப்பு, கோயில் வளைவு, தடித்த சினிமா எழுத்து எல்லாம் இருந்தன. தி. நகர் ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடி பேனரில் ‘தள்ளுபடி’ தொலைவிலிருந்தே கண்ணில் அறைய வேண்டும். லதாவால் அது ஆகாது. கண்ணுக்கு எது நன்றாக இருக்கும் என்று தெரிந்தவர் பழையதை விடாமல் இருந்ததில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

இன்று அந்தச் சாக்கு செல்லாது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. பேனருக்குப் பாலூ தம்பி: தடித்த, உருண்ட, கொஞ்சம் குறும்பான எழுத்து. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரான் ஒன்பது கனங்களில் வருகிறது. முகவரி வரிக்கு மெல்லியது, தலைப்புக்குத் தடித்தது என்று ஒரே குடும்பத்தில் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் இலங்கையின் தாரிக் அசீஸ் உருவாக்கிய கவிவனார். உங்கள் கொலு அழைப்புக்கு நான் போடுவதானால் அதைத்தான் போடுவேன்.

கடைக்காரரிடம் இரண்டு வழி சொல்லலாம். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருந்தால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்று ஒன்று இருக்கும். இந்திய, அரபு எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த முறை அது. அதைத் தேர்ந்தெடுத்து, ஒருங்குறி எழுத்துரு ஒன்றைப் போட்டால் ‘கொலு’ தானே நிமிரும். பேஜ்மேக்கர் என்றால் நம்பிக்கை வேண்டாம். 2001-ல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு, ஒருங்குறி அதற்குத் தெரியாது. அப்போது இரண்டாவது வழி: வாசகத்தை மாற்றியில் போட்டு, அவருடைய எழுத்துருவின் முறைக்குக் கொண்டுவருவது. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வர்ட்டரை டிடிபிக்காரர்கள் பலர் அறிவார்கள்.

மாற்றியில் போட்டால் ஆங்கில வரிகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மிளகாய்ப் பொடி பாட்டில் கதை நினைவிருக்கட்டும்: மின்னஞ்சல் முகவரியின் மேல் பழைய தமிழ் எழுத்துரு பட்டால் அதுவும் புரியாத தமிழாகிவிடும். வாசகத்தோடு ஃபோன் திரையின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்றையும் அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வசதி. ப்ரூஃப் சரியானதும் எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக்கிவிட வேண்டும், அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டுப் படமாக. பிறகு அச்சகத்தில் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. ஆனால் பிழை திருத்தவும் முடியாது, எனவே கடைசியாகத்தான் அதைச் செய்யலாம்.

ப்ரூஃபில் ‘கௌரி’ என்ற பெயர் வந்தால் மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குத் தனி வடிவம் இல்லை. ‘ள’வையே போட்டுச் சமாளித்தார்கள். அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது கணினி அதை நிஜமான ‘ள’ என்று எடுத்துக்கொண்டு ‘கெளரி’ ஆக்கிவிடும். அச்சில் வித்தியாசம் தெரியாது. அதே அழைப்பை அடுத்த வருடம் கணினியில் தேடும்போதுதான் தெரியும்: ‘கௌரி’ என்று தேடினால் ‘கெளரி’ அகப்படமாட்டாள்.