சம்பளம் நிற்கும் மாதத்தில்

பட்ஜெட் நிறைவேறாமல் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்தது. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். நம் நாட்டில் பட்ஜெட் தோற்றால் ஆட்சி கவிழும், ஆபீஸ் பூட்டாது. ஆனால் டெல்லிக்கும் சென்னைக்கும் தகராறு வந்தால் நெல்லையில் சம்பளம் நிற்கும்.

பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024–25க்குத் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் செப்டம்பர் சம்பளம் தள்ளிப்போனது. அடுத்து நூறு நாள் வேலை. கூலிப் பாக்கி 1,056 கோடியைக் கேட்டு 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் அந்தக் கூலியையும் பீடிக் கூலியையும் நம்பித்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது.

நின்ற கூலி என்றாவது வந்துவிடும். இடையில் வாங்கும் கடன்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும். கணக்கைப் பாருங்கள். அப்போது நாள் கூலி 319 ரூபாய். ஆறு நாளைக்கு 1,914. பதினைந்து நாளுக்குள் கூலி தராவிட்டால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்றது அப்போதைய சட்டம். நூறு நாள் தாமதத்துக்கு அது நூறு ரூபாயைக்கூடத் தொடாது. அதே நாட்களுக்கு மாதம் பத்து வட்டியில் 2,000 ரூபாய் வாங்கியிருந்தால் வட்டி மட்டும் 600ஐத் தாண்டும்.

ஆகவே முதல் வேலை, கடன் வாங்குவதல்ல, வாய் திறப்பது. பலசரக்குக் கடையில், “அண்ணாச்சி, சம்பளம் இன்னும் ஏறல, பத்து தேதிக்கு மேலதான் தருவேன்” என்று ஒன்றாம் தேதியே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னவருக்குப் பற்று வரவு தொடரும். மாதத் தவணை கட்டுபவர்கள் தவணை நாளுக்கு முன்பே வங்கிக்குப் போய், தேதியைத் தள்ளித் தரும்படி எழுதிக் கொடுங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் அபராதமும் விழும், சிபில் மதிப்பெண்ணும் குறையும். மகளிர் குழுத் தவணையென்றால் குழுக் கூட்டத்திலேயே பேசுங்கள். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு மைக்ரோ பைனான்ஸில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் தேவையே என்றால் நகையைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வையுங்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். நகைக்குக் கிடைக்கும் முழுத் தொகையையும் வாங்க வேண்டாம். அரசு ஊழியருக்குச் சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது.

கந்துவட்டிப் பக்கம் மட்டும் போகவே கூடாது. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. இரண்டு பிஞ்சுகளும் போய்விட்டன. இந்த ஊரில் அதை மறந்துவிட்டு யாரும் கடன் யோசனை சொல்ல முடியாது. வெற்றுக் காசோலை, கையெழுத்திட்ட பத்திரம், ஏடிஎம் கார்டு எதையும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லிருந்தே இருக்கிறது. மிரட்டல் வந்தால் அன்றே போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பாக்கிச் சம்பளம் மொத்தமாக வரும்போது கை துறுதுறுக்கும். முதலில் வட்டி அதிகமுள்ள கடனை அடைத்துவிடுங்கள். அடுத்து அண்ணாச்சி கடைப் பாக்கி, பிறகு நகை. மிச்சமிருந்தால் ஒரு மாதச் செலவுக்கான பணத்தை அஞ்சலகச் சேமிப்பில் போட்டு வையுங்கள்.