கடலுக்குள் கேட்ட சத்தம்

கடலுக்கு அடியிலும் பல சத்தங்கள் உண்டு. சில மீன்கள் கத்தும். திமிங்கலங்கள் கூப்பிடும். கப்பல்கள் இரையும். பூமி அதிர்ந்தால் கடலடியும் முழங்கும்.

இவற்றைக் கேட்க ஒரு கருவி உண்டு. அதன் பெயர் ஹைட்ரோபோன். தண்ணீருக்குள் வேலை செய்யும் மைக் அது.

அமெரிக்க விஞ்ஞானிகள் பசிபிக் பெருங்கடலில் இந்தக் கருவிகளை இறக்கி வைத்திருந்தார்கள். 1997-ஆம் ஆண்டு அவற்றில் ஒரு பெரிய சத்தம் பதிவானது. ஒன்றுக்கொன்று 3000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கருவிகளிலும் அது கேட்டது. அதற்கு 'ப்ளூப்' என்று பெயர் வைத்தார்கள்.

சத்தம் போட்டது எது? திமிங்கலத்தைவிடப் பெரிய விலங்கு என்றார்கள் சிலர். கடல் பூதம் என்றும் கதை பரவியது. விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள்.

சத்தம் எங்கிருந்து வந்தது?

கடல்நீரில் ஒலி ஒரு நொடியில் சுமார் 1500 மீட்டர் போகும். காற்றில் சுமார் 340 மீட்டர்தான் போகும். கிட்டே உள்ள கருவிக்குச் சத்தம் முந்தி வரும். தூரத்துக் கருவிக்குப் பிந்தி வரும். 10 நொடி பிந்தினால், அந்தக் கருவி 15 கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். இப்படிப் பல கருவிகளின் நேரத்தை ஒப்பிட்டார்கள். தென் அமெரிக்காவின் தென்முனைக்கு மேற்கே உள்ள கடலை அது காட்டியது.

சத்தம் எதனுடையது?

ஆளைப் பார்க்காமல் குரலை வைத்தே இன்னார் என்று சொல்கிறோம். ஆனால் அந்தக் குரலை முன்பே கேட்டிருக்க வேண்டும். பின்னர் அண்டார்டிகா பனிக்கண்டத்துக்கு அருகே கருவிகளை இறக்கினார்கள். அங்கே பெரும் பனிப்பாளங்கள் விரிசல் விட்டு உடையும் சத்தம் பதிவானது. ப்ளூப் சத்தமும் அதே வகைதான். 2005-இல் இந்த விடை கிடைத்தது. பூதமும் இல்லை, விலங்கும் இல்லை. பனி உடைந்த சத்தம்தான் அது!

இதனால் என்ன பயன்?

திமிங்கலங்கள் குரல் கொடுத்தே ஒன்றையொன்று அழைக்கின்றன. கப்பல் இரைச்சல் அந்தக் குரலை அமுக்கிவிடுகிறது. இயற்கையின் சத்தம் எது, மனிதர் எழுப்பும் இரைச்சல் எது, எவ்வளவு என்று தெரிய வேண்டும். அப்போதுதான் இரைச்சலைக் குறைக்க வழி தேடலாம்.

கணக்குப் போடுவோம்

ஒரு கருவிக்குச் சத்தம் 4 நொடி பிந்தி வந்தது. அது எத்தனை கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது?

கலந்து பேசுவோம்

உங்கள் ஊரில் ஒரு வதந்தி பரவுகிறது. அது உண்மையா என்று எப்படிச் சோதித்துப் பார்ப்பீர்கள்?