உயர்தர வகுப்பில் உயிரியல்: புகுமுன் அறியத்தக்கன

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் புலவர் ஒருவரைப் பற்றிய ஆராய்ச்சியையே எதிர்பார்த்திருப்பர். யாம் உயிரியலைப் பற்றி எழுதத் துணிந்தோம். சாதாரணதரப் பெறுபேறு வெளிவந்த மறுநாளே தோட்டங்களிலிருந்து பெற்றோர் வந்து, "சேர், பிள்ளைய பயோ படிக்க விடலாமா?" என்று எம்மிடந்தான் கேட்கின்றனர். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு மற்றையோர்மேல் விழுதல் இயல்பே. ஆதலின் அவர்க்கும், அவர்தம் பிள்ளைகட்கும், பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு சில கூறுவாம்.

உயிரியற் பிரிவு என்பது ஒரு பாடம் அன்று. உயிரியலோடு இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்றல் வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுத்தலும் கூடும். ஆயின் மருத்துவ பீடத்தின் கதவு அவ்வழியே திறவாது. தாவரவியல், விலங்கியல் என இரு பாடங்களாக இருந்த காலத்தை மூத்த பழைய மாணவர் நினைவிற் கொண்டிருப்பர். 2000ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் அவை உயிரியல் என ஒன்றாயின. ஒன்றாயினமையால் சுமை பாதியாயிற்று என எண்ணற்க. கலத்தின் இரசாயனம், கூர்ப்பும் உயிரினப் பல்வகைமையும், தாவரம், விலங்கு, பரம்பரை, மூலக்கூற்று உயிரியல், சூழல், நுண்ணங்கி என இரண்டாண்டுகளிற் கடக்கவேண்டிய பரப்புப் பெரிது. முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம். கட்டுரை வினாக்கள் ஆறனுள் நான்கு எழுதுதல் வேண்டும்.

மனனம் செய்பவனுக்கு ஏற்ற பாடம் உயிரியல் என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. கணிதத்துக்கு அஞ்சுவோர் இதனை நாடுவதும் அதனாலேயே. இக்கருத்தே முதலாம் தவணையிற் பலரை வீழ்த்துகின்றது. இலைவாய் வழியே நீராவி வெளியேறும் என்று சாதாரணதரத்தில் எழுதினாற் போதும். உயர்தரத்தில் அவ்விலைவாய் எவ்வாறு திறக்கின்றது என்பதே வினா. பொற்றாசியம் அயன்கள் காவற்கலங்களுட் புகும், அதனால் அங்கு நீரழுத்தம் குறையும், அயற் கலங்களிலிருந்து நீர் உட்செல்லும், காவற்கலம் வீங்கும், வாய் திறக்கும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபடினும் விளக்கம் அறுந்துவிடும். ஒவ்வொரு கண்ணியிலும் இரசாயனமோ பௌதிகமோ இருத்தலையும் மாணாக்கர் காண்க.

இனிச் சொல்லைப் பற்றிப் பேசுவாம். இஃது எம் தொழில். புதிய மாணவர் முதலில் மலைப்பது கலைச்சொற்களின் முன்னேதான். இழையம், இழைமணி, இழையுருப்பிரிவு என்னும் மூன்றும் ஒன்றுபோல் ஒலித்து அவரை மயக்கும். சொல்லைப் பிரித்துப் பார்ப்பின் மயக்கம் தீரும். கிரேக்க மொழியில் 'மிற்றோஸ்' என்பது நூல். 'கொண்ட்ரியோன்' என்பது சிறுமணி. அவ்விரண்டையும் நேரே தமிழாக்கியதே இழைமணி. கரு பிரியும்போது நூல்போலத் தோன்றும் உருக்களால் இழையுருப்பிரிவு பெயர் பெற்றது. நிறமூர்த்தம் என்பதும் நிறமுடைய உடல் என்னும் பொருளதே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தொடங்கி, அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளைத் தொகுத்தோர் வரை, இந்நாட்டில் அறிவியற்குத் தமிழ்ச்சொல் தேடியோர் பொருள் பார்த்தே தேடினர். ஆதலின் சொல்லை விளங்கிக்கொள்ளும் மாணவன் பாடத்திற் பாதியை விளங்கிக்கொண்டவன் ஆவான்.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிப் பிள்ளைகட்கு இதனை இறப்பர் மரத்தைக் கொண்டே காட்டலாம். மரத்தின் வெளிப்புறத்தே பட்டை, அதனுள் உரியம், அடுத்து மாறிழையம், உள்ளே காழ். உரி என்பது பட்டை; மரவுரி என்னும் சொல்லை எவரும் அறிவர். காழ் என்பது வைரம். வைரம் புறத்தே இருப்பதைப் புல் என்றும் அகத்தே இருப்பதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பகுத்துக் கூறுவதை எம் வகுப்பிற் கற்றோர் அறிவர். (அதனால் ஒருவித்திலை, இருவித்திலை என்னும் பாகுபாட்டைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் என மேடையில் முழங்குதல் தகாது. கூர்ந்த அவதானிப்பு அது. இக்கால வகைப்பாடு அன்று.) இறப்பர்ப் பாலைத் தாங்கும் நுண்குழாய்கள் மாறிழையத்துக்கு வெளியே, உரியத்தோடு ஒட்டிய பட்டையில் உள்ளன. கத்தி பட்டையளவில் நிற்கவேண்டும். மாறிழையத்திற் பட்டுவிட்டாலோ அவ்விடத்துப் பட்டை செம்மையாக மீண்டும் வளராது, முடிச்சு விழும். இதனைப் பால் வெட்டும் தாயும் தந்தையும் கையளவில் அறிவர். விடியற்காலையில் வெட்டுவது ஏன் என்பதும் அவர்க்குத் தெரியும்: வெயில் ஏறினாற் பால் குறையும். ஏன் குறைகின்றது என்பதே பிள்ளை வகுப்பிற் கற்கும் பாடம். ஆவியுயிர்ப்பு மிக, மரத்தின் நீர் குறையும். குழாய்களுள் வீக்க அமுக்கம் தளரும். பாலைத் தள்ளும் விசை குன்றும். இவ்விரண்டு அறிவும் ஒரே லயத்து அறையில் இராப்பொழுது சந்திக்கக்கூடுமன்றோ?

தேயிலையும் அவ்வாறே. உச்சிக் கொழுந்தைக் கிள்ளப் பக்க அரும்புகள் விரிவதும், கவ்வாத்துக்குப் பின் செடி படர்வதும், உச்சியரும்பு உண்டாக்கும் ஓட்சின் என்னும் வளர்ச்சிப் பதார்த்தத்தோடு தொடர்புடையன. தொழிற்சாலையுள் நிகழ்வது நொதியப் பாடம். வாடிய கொழுந்தை உருட்டும்போது கலங்கள் சிதையும். கலத்துள் வேறு வேறு இடங்களில் இருந்த பொலிபீனோல்களும் அவற்றை ஒட்சியேற்றும் நொதியமும் ஒன்றுகூடும். பச்சை இலை செம்பு நிறமாகும். பின்னர்ச் சூட்டில் உலர்த்துவது நீரைப் போக்குவதற்கு மாத்திரமன்று. நொதியம் உருக்குலைந்து செயல் நிற்றற்கும் ஆகும். இதனைத் தொழிற்சாலையார் புளிக்கவைத்தல் என்பர். இதில் மதுவமோ பற்றீரியாவோ செய்யும் நொதித்தல் இல்லை. அவ்வேறுபாட்டை எழுதத் தெரிதலே உயர்தரத்தின் தரம்.

இணையத்திற் காணொளி பார்த்துக் கற்போர்க்கு ஓர் எச்சரிக்கை. தமிழகத்து ஆசிரியர் பலர் நன்றாகவே கற்பிக்கின்றனர். ஆயின் அவர் செல் என்பது நமக்குக் கலம். திசு நமக்கு இழையம். ஒளிச்சேர்க்கை நமக்கு ஒளித்தொகுப்பு. நீராவிப்போக்கு நமக்கு ஆவியுயிர்ப்பு. சவ்வூடு பரவல் நமக்குப் பிரசாரணம். கருத்தை எங்கிருந்தும் பெறுக. விடைத்தாளில் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூற் சொல்லையே எழுதுக. கற்கும்போதே இரண்டையும் எதிரெதிர் எழுதி ஒரு கொப்பி வைத்திருத்தல் நன்று. அதிலே மூன்றாம் நிரலாக ஆங்கிலச் சொல்லையும் சேர்க்க. மருத்துவ பீடத்திலே போதனை ஆங்கிலத்தில்.

விடை எழுதும் முறையிலும் எமக்குச் சொல்ல உண்டு. தமிழ்க் கட்டுரையிற் புள்ளி பெற்றுத்தரும் முன்னுரை அழகு இங்குப் புள்ளி தராது. குறிப்பிடுக, விவரிக்க, விளக்குக, ஒப்பிடுக என்பன வெவ்வேறு ஏவல்கள். விளக்குக என்ற இடத்தில் காரணம் வேண்டும். ஒப்பிடுக என்ற இடத்தில் இரு பொருளையும் ஒரே பண்பின்கீழ் நிறுத்தல் வேண்டும். ஒன்றை ஒரு பக்கமும் மற்றையதை அடுத்த பக்கமும் எழுதிவிடுதல் ஒப்பீடு ஆகாது.

செய்முறைக்கு ஆய்வுகூடம் இல்லையே எனச் சோர்தல் வேண்டா. உருளைக்கிழங்கை ஒரே நீளக் கீலங்களாக வெட்டி, வெவ்வேறு செறிவுள்ள சீனிக் கரைசல்களில் இட்டு, சில மணி நேரத்தின் பின் அளந்து, எக்கரைசலில் நீளம் மாறவில்லை என வரைபிற் காண்பதற்கு அடிமட்டமும் பொறுமையும் போதும். நுணுக்குக்காட்டிக்கு மாத்திரம் மாற்று இல்லை. படத்தில் மாத்திரம் கலத்தைக் கண்ட பிள்ளை, வில்லையில் முதன்முறை காணும்போது அதனை அடையாளம் காண்பதில்லை. இருபது பேருக்கு ஒரு நல்ல கருவி கிடைப்பினும் பெரும்பயன் விளையும். பழைய மாணவர் சங்கத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராக.

எல்லாவற்றினும் பெரிய இடர் வேறு. விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளிலேயே உண்டு. 1சி தரத்திற் கலையும் வர்த்தகமுமே. நம் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுட் பெரும்பாலன இவ்விரண்டிலும் சேரா. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அட்டனுக்கும் பதுளைக்கும் கொழும்புக்கும் போய் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிக் கற்கின்றனர். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு விடுதிக் கட்டணமும் தனியார் வகுப்புக் கட்டணமும் சேர்ந்து எவ்வளவு பாரம் என்பதை விரிக்க வேண்டுவதில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவே பணம் இன்றித் திரும்பி வந்த பிள்ளைகளையும் யாம் கண்டிருக்கின்றோம். அவர்க்குத் திறமை குறைவன்று. உதவி செய்ய விரும்பும் பழைய மாணவர், பெறுபேறு வந்தபின் பரிசில் வழங்குவதினும், பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் விடுதிச் செலவை இரண்டாண்டுக்கு ஏற்றல் மேல்.

வேற்று மாவட்டத்துக்குச் செல்லுமுன் பெற்றோர் ஒன்றை நன்கு விசாரித்தல் வேண்டும். பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிற் பகிரப்படுவது. எம்மாவட்டம் என்பதோ, பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளிற் பிள்ளை எங்கே கற்றது என்பதைக் கொண்டு கணிக்கப்படும். இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டுச் சிறப்பு ஒதுக்கீடும் பெறுவது. எனவே பாடசாலை விடுகைப் பத்திரத்தைக் கையிற் பெறுமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைந்நூலை வாங்கி, மாவட்டம் பற்றிய பகுதியை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துக் கேட்பாராக.