வட்டவடைக்குப் போகிறீர்களா? ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

மூணாறுக்குப் போகிறவர்களில் பலர் வட்டவடையை அரைநாள் ஜீப் சவாரியில் முடித்துவிடுகிறார்கள். மதியம் வந்து, சாலையோரம் நின்று படம் எடுத்து, ஸ்ட்ராபெரி வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வட்டவடை விவசாய ஊர். ஆட்கள் தோட்டத்தில் இறங்கும் காலையிலும், காய்கறி மூட்டை கட்டும் சாயங்காலத்திலும் இருந்தால்தான் அந்த ஊர் பிடிபடும். அதனால் முதல் வேலையாக ஒரு ராத்திரித் தங்கலுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது? என்னைக் கேட்டால், ஓணத்துக்கு முந்தைய வாரங்கள். கேரளத்தின் ஓணச் சந்தையை நம்பிப் பயிர் வைக்கிற ஊர் இது. கேரட், முட்டைகோஸ், உருளை, பீன்ஸ் என்று மலைச்சரிவின் அடுக்கு வயல்கள் அப்போதுதான் நிறைந்திருக்கும். மழை இருக்கும், அட்டையும் இருக்கும். குடையோடு ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும். குறிஞ்சி பார்க்கும் ஆசை இருந்தால் பொறுக்க வேண்டும். 2018-இல் பூத்தது, அடுத்த பெரிய பூப்பு 2030-இல்.

தேனிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் போடிமெட்டு, பூப்பாறை வழியாகவும், கோவை, உடுமலைப் பக்கத்தவர்கள் சின்னாறு, மறையூர் வழியாகவும் மூணாறு வந்துவிடலாம். சின்னாறு பாதையில் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகலிலேயே கடந்துவிடுங்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடை சுமார் 45 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், ரொக்கப் பணம், மாத்திரை மூன்றையும் மூணாறிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பேருந்தில் போவதானால் வட்டவடையின் கடைவீதியான கோவிலூர் வரை வண்டி உண்டு. புறப்படும் நேரத்தை முந்தின நாளே விசாரித்து வையுங்கள்.

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக நேராக இறங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பழைய சாலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

டாப் ஸ்டேஷனைத் தாண்டியதும் பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்டது, கேரளத்தின் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியது. ஊருக்குப் போகும் சாலையே இந்தக் காட்டுக்குள்தான் போகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணும் பெயரும் எழுதிக்கொள்வார்கள். உள்ளே நுழைந்தபின் வண்டியை நிறுத்தாதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், கண்ணாடியை இறக்கிக் குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள். யானையும் காட்டுமாடும் குறுக்கே வரும் பாதை அது. இருட்டுவதற்கு முன் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

காட்டை நடந்து பார்க்க ஆசைப்பட்டால் வனத்துறை ஏற்பாடு செய்யும் நடைப்பயணத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள். கருமந்தி கண்ணில் பட வாய்ப்பு அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலகிரி மரநாயும் இங்கே உண்டு. கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். நடக்கும்போது கால் பதியும் மண்ணைக் கவனியுங்கள். இலைமக்கு மெத்தென்று ஈரத்தோடு இருக்கும். சோலை பிடித்து வைக்கிற இந்த ஈரம்தான் கீழே ஓடையாகி வயலுக்குப் போகிறது. சுற்றுவட்டாரத்தில் கிராண்டிஸ், வாட்டில் மரங்கள் பரவிய இடங்களில் தண்ணீர் வற்றிவிட்டதாக விவசாயிகள் சொல்வதையும் கேட்பீர்கள். பக்கத்து ஆனமுடிச் சோலைப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் வாட்டிலை அகற்றிப் புல்வெளியை மீட்டெடுக்கும் வேலை நடந்திருக்கிறது. இந்த மலையில் நடந்திருக்கும் நல்ல காரியங்களில் அதை முதலாவதாகச் சொல்வேன்.

ஊரில் பேச்சு தமிழ்தான். மொழிக் கவலை வேண்டாம். ஆனால் வயல் யாரோ ஒருவருடையது. வரப்பில் கால் வைக்கும் முன் "அண்ணே, உள்ள வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாத்திக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அடுக்கு வயலில் கரை ஓர் இடத்தில் சரிந்தால் கீழே உள்ள பாத்தியும் கெடும். முதுவர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு யாரும் கூப்பிடாமல் போகவே கூடாது. அது அவர்கள் வீடு.

பூண்டு வாங்காமல் திரும்பாதீர்கள். காந்தளூர் – வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பல் சிறிதாக இருக்கும், உரிக்கும்போதே காரமான மணம் விரலில் ஏறும். கோவிலூர்க் கடையைவிட விளைவித்தவரிடமே வாங்குவது மேல். விளைச்சலின் பெரும்பகுதி வியாபாரி கை மாறிப் போகிற ஊரில் நேராகக் கொடுக்கும் காசுக்கு மதிப்பு அதிகம். பேரம் பேசாதீர்கள். வாங்கும்போது தாள் ஒட்டியிருக்கும் கழுத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அது பச்சைப் பூண்டு, உடனே சமையலுக்குத்தான் ஆகும். இறுகிக் காய்ந்து, மேல்தோல் சரசரவென்று உதிர்ந்தால் எடுத்து வைக்கலாம். எதுவானாலும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரின் டிக்கியில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். துணிப்பையில் கொண்டுவந்து, வீட்டில் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கொத்தாகத் தொங்கவிடுங்கள்.

திரும்பும்போது காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவது உத்தமம். விடுமுறை நாட்களில் மதியத்துக்கு மேல் மாட்டுப்பட்டி அணையருகே வண்டிகள் அடைத்துக்கொள்ளும். சேர்ந்த குப்பையை ஊரிலோ காட்டிலோ விடாமல் உங்கள் வண்டியிலேயே கீழே கொண்டுவந்துவிடுங்கள்.