சொல்ல முடியாத மூன்று ரகசியங்கள்: ஒரு டிரினிடாட் நாவலில் ஆண், பெண் பாத்திரங்கள்

ஒரு நாவல்ல ஆண், பெண் வேறுபாடு எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, "பெண் எப்படி ஒடுக்கப்படுகிறாள்?" என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கிறோம். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்க: இந்தப் பாத்திரத்தால் எதை வெளியே சொல்ல முடியவில்லை?

இங்கிரிட் பெர்சாட் எழுதி 2020-ல் வெளிவந்த 'லவ் ஆஃப்டர் லவ்' நாவல் இதற்கு நல்ல உதாரணம். கதை நடப்பது கரீபியன் தீவான டிரினிடாடில். 1845 முதல் 1917 வரை இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தீவு அது. அவங்க வழிவந்தவள்தான் பெட்டி. அவளும், மகன் சோலோவும், வாடகைக்கு வந்த கணக்கு வாத்தியார் சேத்தனும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள்.

பெட்டி: கணவன் சுனில் குடித்துவிட்டு அடிப்பவன். படியிலிருந்து விழுந்து செத்தான் என்று ஊர் நம்புது. தள்ளிவிட்டது அவள்தான். அடி வாங்கியதையே வெளியே சொல்லக் கூடாத மனைவி, இதை எப்படிச் சொல்வாள்?

சேத்தன்: நல்ல ஆசிரியர், சோலோவுக்கு அப்பா மாதிரி. ஆனால் அவர் ஆண்களை நேசிப்பவர். 'ஆம்பள' என்றால் இப்படித்தான் என்று ஊர் போட்ட இலக்கணத்தில் அவருக்கு இடமில்லை. மரியாதை வேணும்னா மறைக்கணும்.

இருவரும் தங்கள் ரகசியத்தை ஒருவருக்கொருவர் மட்டும் சொல்கிறார்கள். ஏன் முடிந்தது? அவர் அவளிடம் மனைவியை எதிர்பார்க்கவில்லை. அவளும் அவரைக் கணவனாக இருக்கச் சொல்லவில்லை. அந்த எதிர்பார்ப்பு விலகினதும் பேச்சு வருது.

சோலோ: அம்மாவின் ரகசியத்தை ஒட்டுக்கேட்டுவிடுகிறான். அடிபட்ட ஒரு பெண் அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கொன்ற அம்மா மட்டும்தான் தெரிகிறாள். நியூயார்க்கில் இருக்கும் அப்பாவின் சகோதரரிடம் போய்விடுகிறான். அங்கே முறையான ஆவணம் இல்லாத வாழ்க்கை. வலியைச் சொல்லத் தெரியாமல் தன் உடம்பையே காயப்படுத்திக்கிறான்.

கவனிங்க: சுனில் கதையின் தொடக்கத்திலேயே போய்விடுகிறான். ஆனால் அவன் அடிக்க இடம் கொடுத்த வழக்கம் போகவில்லை. வில்லன் இல்லாமலேயே மூன்று பேரையும் அது பிரிக்குது. பாத்திரங்களின் குணத்தை மட்டுமல்ல, கதையின் திருப்பங்களையும் தீர்மானிப்பது அதுதான்.

முடிவை இங்கே சொல்லப் போறதில்லை, படிச்சுப் பாருங்க. அடுத்த நாவலை எடுக்கும்போது ஒரு தாளை இரண்டாகப் பிரிச்சுக்கோங்க. ஒரு பக்கம், ஊர் அந்தப் பாத்திரத்திடம் எதிர்பார்ப்பது. மறுபக்கம், அதனால் அவர் சொல்லாமல் விட்டது. கதையின் பாதி அந்த இரண்டாம் பக்கத்தில் கிடைக்கும்.